தவறணையும் ஊர்நலமும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் நாலந்தா என்னும் சிற்றூர் உளது. சரித்திரம் பயின்றோர் இப்பெயரைக் கேட்டவுடன் கெடிகே எனப்படும் கற்றளியையே நினைப்பர். திராவிடச் சிற்பமுறை தழுவி எழுந்த அக்கட்டடம், போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதவாறு கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு, 1980 ஆம் ஆண்டளவில் மேட்டு நிலத்தில் மீண்டும் நிறுவப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு தன் படைக்கு அரணாகக் கொண்ட இடமும் இதுவே. ஆயினும், நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோயிலுமன்று, கோட்டையுமன்று. இத்தகைய ஒரு சாலையோரத்தில் மதுக்கடை திறக்க ஒருவர் அனுமதி கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அனுமதி வழங்கும் அதிகாரி எதனை எதனோடு நிறுத்துப் பார்த்தல் வேண்டும்? பொதுநலம் என்று சட்டமும் சாசனமும் சொல்கின்றனவே, அது யாருடைய நலம்?

இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. நாலந்தா வழியே செல்லும் இப்பாதையின் கதையும் இவ்வினாவின் கதையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்குகின்றன.

1830 ஆம் ஆண்டுகளிலே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகலாயின. அத்தோட்டங்களில் வேலை செய்வதற்குத் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிமார் முன்னே செல்ல, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். நூற்றைம்பது மைல் அளவான நடை அது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலே கொண்டுபோன உயிர்களுக்குக் கணக்கில்லை. பிழைத்து வந்தோர் வணங்கிய அம்மனே மாத்தளை நகரில் இன்று முத்துமாரியம்மனாகக் கோயில் கொண்டிருக்கின்றாள் என்பர். வந்த வழியே திரும்பியோரும் பலர். வரும்போது வெறுங்கையாக வந்த தொழிலாளி, ஊர் திரும்புகையில் மடியில் சிறிது சம்பளப் பணம் முடிந்து வைத்திருப்பான். அவனோடு மாட்டுவண்டிக்காரரும், சிறு வியாபாரிகளும், அரசாங்க உத்தியோகத்தரும் இச்சாலையிற் பயணஞ் செய்தனர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880 ஆம் ஆண்டிலேதான். அதற்கு வடக்கே வண்டித் தடமன்றி வேறு வழியில்லை. நாலந்தாவில் வாடிவீடு அமைந்ததும் இக்காரணத்தாலேயே. வழிப்போக்கன் களைப்பாறும் இடத்தில் அவன் பணமும் சிறிது தரித்து நிற்கிறது. தவறணைக்கு இடந்தேடுவோன் முதலிற் பார்ப்பது இதனைத்தான்.

தவறணை என்னும் சொல் நமது நாட்டுத் தமிழுக்கே உரியது. ஐரோப்பியர் வாய்மொழியிலிருந்து வந்து, நம்மோடு கலந்து, இன்று தமிழ்ச் சொல்லாகவே வழங்குகிறது. அச்சொல் வந்த வழியே அப்பொருளும் வந்தது எனலாம். கள் நமக்குப் புதியதன்று. மலைநாட்டிற் கித்துளும், கரையோரத்தில் தென்னையும், வடக்கே பனையும் மனிதனுக்குக் கள் வழங்கியே வந்துள்ளன. கண்டி இராச்சியத்துக் குடியானவன் கள்ளே அறியாதவன் என்று சொல்வோர் மிகைபடச் சொல்கின்றனர். ஆனால் அரசாங்கத்தின் உத்தரவோடு, நெடுஞ்சாலையோரத்தில், காசுக்கு விற்பதற்கென்றே நிரந்தரமாகத் திறந்திருக்கும் கடை என்பது வேறு. அது கண்டிச் சீமைக்கு வந்தது 1815 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு நாடு மாறிய பின்னரேயாம்.

கரையோரத்தில் ஒல்லாந்தர் காலந்தொட்டே சாராயக் குத்தகை முறை இருந்தது. ஆங்கிலேயர் அதனை அப்படியே எடுத்துக்கொண்டு மலைநாட்டுக்கும் விரித்தனர். 1844 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சாராயம், றம், கள் ஆகியவற்றின் வடிப்பையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்திற்று. அம்முறை நடந்த விதத்தைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். ஏனெனில் இன்றைய அனுமதிப்பத்திரத்தின் பாட்டன் அந்தக் குத்தகையே.

ஒரு பகுதியிற் சாராயம் விற்கும் தனியுரிமையை அரசாங்கம் கச்சேரியில் ஏலத்தில் விடும். அதிக விலை கேட்டவனுக்கு உரிமை. அவன் அரசாங்கத்துக்குக் குத்தகைப் பணத்தைத் தவணை முறையிற் செலுத்தக் கடமைப்பட்டவன். தன் பகுதியைத் துண்டு துண்டாகப் பிறருக்கு உட்குத்தகை கொடுக்கலாம். அவர்கள் தவறணை தவறணையாக ஆள் வைத்து விற்பர். இவ்வேணியின் உச்சியில் அரசாங்கம் நின்றது. அடியிலே குடிப்பவன் கிடந்தான். இடையில் நின்ற ஒவ்வொருவனுக்கும் தனக்கு மேலே உள்ளவனுக்குக் கொடுக்க வேண்டிய பணமும், தனக்கென வேண்டிய இலாபமும் கணக்கிலிருந்தன. ஏலத்தில் ஒருவன் ஆயிரம் கூட்டிக் கேட்டால், அந்த ஆயிரமும் அடியிலே கிடப்பவனிடமிருந்தே வரவேண்டும். ஆகையால் அளவிற் குறைத்தனர், நீர் கலந்தனர், கடனுக்கு விற்றனர், அடகுக்கும் விற்றனர். இவற்றையெல்லாம் குத்தகைக்காரனின் தனிக்குணக் கேடு என்று கூறிவிடுதல் எளிது. ஏலமுறைதானே அவனை அங்ஙனம் செய்யத் தூண்டிற்று?

இம்முறையிற் கவனிக்கத்தக்கது ஒன்று. ஏலம் நடந்த அந்த மண்டபத்தில் அரசாங்கம் இருந்தது, பணம் படைத்தோர் இருந்தனர், ஊரார் இல்லை. ஒரு தவறணை இன்ன சந்தியில் இருக்கலாமா என்று அச்சந்தியில் வாழ்வோரைக் கேட்கும் வழக்கமே அம்முறைக்குள் இல்லை. பௌத்த சங்கத்தாரும் கண்டிப் பிரதானிகளும் தவறணைகளைப் பற்றி முறையிட்டனர். மிஷனரிமார் கண்டித்தனர். அரசாங்க உத்தியோகத்தருட் சிலரே, குற்றங்கள் பெருகுவதற்கும் தவறணைகள் பெருகுவதற்கும் தொடர்புண்டெனக் கருதினர். ஆயினும் ஆண்டு முடிவில் வரவுசெலவுக் கணக்கு எழுதப்படும்போது குத்தகைப் பணமே பேசிற்று.

அரசாங்கத்தின் வருவாய்த் தேவை மக்களை எவ்வளவு தூரம் தள்ளக்கூடும் என்பதை 1848 ஆம் ஆண்டு இம்மாத்தளை மாவட்டமே கண்டது. துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, அதன்மேற் பாதைவேலைக் கடமையையும் சுமத்தினார் தேசாதிபதி டொரிங்டன் பிரபு. அவ்வாண்டு யூலை 26 ஆந் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். பின்னர் மக்கட் கூட்டம் மாத்தளை நோக்கி வந்தது. கலகம் அடக்கப்பட்டது, புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார், பின்னர் டொரிங்டனும் பதவியை விட்டகல நேர்ந்தது. அக்கலகம் சாராயத்தைப் பற்றியதன்று. அதனைத் தவறணைக் கலகம் என்று திரித்துக் கூறுதல் சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். ஆனால் வரி கேட்பவன் வரி கொடுப்பவனைக் கேளாமலே முடிவு செய்தான் என்னும் அளவில், கச்சேரி ஏலமும் நாய் வரியும் ஒரே மனப்போக்கின் பிள்ளைகள்.

குத்தகையாற் செல்வம் திரட்டியோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிகளைச் சார்ந்த சில குடும்பங்கள் இத்தொழிலிற் பெற்ற பொருளைக் கோப்பித் தோட்டங்களிலும் காணிகளிலும் முதலிட்டு உயர்ந்தன. ஜெரோனிஸ் டி சொய்சா அவர்களுட் பெயர் பெற்றவர். அவர் மைந்தர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா கொடையிற் சிறந்தவர். கொழும்பிலே 1879 ஆம் ஆண்டில் தாய்மார் பிரசவ மனையை நிறுவியவர் அவரே. எத்தனையோ குழந்தைகள் அங்கே உலகைக் கண்டன. இதனைக் கொண்டு சாராயம் நல்லதென்று வாதிட வேண்டியதில்லை. அக்கொடை பொய்யென்று தள்ளவும் வேண்டியதில்லை. மதுவிலக்கு மேடைகளிற் பின்னர் முழங்கிய தலைவர்களின் வீடுகளிலேயே இத்தொழிலோடு ஏதோ ஒரு தொடர்பு இருந்தமையும் உண்டு. மனித வாழ்வு பாடப்புத்தகம் போல வரி வரியாகக் கோடிட்டுச் செல்வதில்லை.

நமது நாட்டை விட்டு, இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள ஒரு மலைக்கிராமத்துக்குச் சிறிது நேரம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். காரணம் இல்லாமலில்லை. வெஸ்ட்மோர்லாந்துப் பகுதியிற் கென்ற்மியர் என்பது அக்கிராமம். அங்கே சுசன்னா ஷார்ப் என்னும் பெண்மணிக்குச் சொந்தமான ஒரு சிறு மதுவிடுதி இருந்தது. ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்கப்பட்டே வந்தது. ஒருமுறை அனுமதி வழங்கும் நீதவான்கள் மறுத்துவிட்டனர். விடுதியில் ஒழுங்கீனம் நடந்ததென்று அவர்கள் கூறவில்லை. அவ்விடம் பொலிசாரின் கண்காணிப்புக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அவ்வூரின் இயல்பையும் தேவையையும் நோக்கின் அங்கே மதுவிடுதி வேண்டியதில்லை. இவையே அவர்கள் காட்டிய காரணங்கள். ஒரு குற்றமும் செய்யாத எனக்கு எவ்வாறு மறுக்கலாம் என்று வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறிப் பிரபுக்கள் சபை வரையிற் சென்றது. 1891 ஆம் ஆண்டிலே அச்சபை நீதவான்களின் முடிவே சரியெனத் தீர்த்தது.

அத்தீர்ப்பின் சாரம் இரண்டு. முதலாவது, சென்ற ஆண்டு அனுமதி பெற்றவனுக்கு இவ்வாண்டும் அதைப் பெறும் உரிமை தானாகவே வந்துவிடாது. இரண்டாவது, தீர்மானிக்கும் அதிகாரி தன் மனம் போனவாறு தீர்மானித்தல் கூடாது. நியாயமும் முறையும் பற்றி, காரணம் காட்டித் தீர்மானித்தல் வேண்டும். ஒன்று கடைக்காரனுக்குக் கடிவாளம். மற்றது அதிகாரிக்குக் கடிவாளம். இரண்டையும் ஒரே கையிற் பிடித்ததே அத்தீர்ப்பின் சிறப்பு. கடை நடத்தியவருக்கு இது பெருநட்டம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனாலேதான் 1904 ஆம் ஆண்டின் சட்டம் அந்நாட்டில், குற்றமின்றி அனுமதி இழப்போருக்கு மதுவியாபாரிகளிடமே திரட்டிய நிதியிலிருந்து நட்டஈடு கொடுக்க வழி செய்தது.

ஆளும் நாட்டில் ஊரின் தேவை நீதிமன்றத்தில் எடைபோடப்பட்ட அக்காலத்திலே, ஆளப்பட்ட நமது நாட்டில் உரிமை இன்னும் ஏலத்திற் போய்க்கொண்டிருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த தூரம் கடலளவு மட்டுமன்று.

அதே 1904 ஆம் ஆண்டில் நமது நாட்டிலே மதுவிலக்கு இயக்கம் கிராமங்களிலிருந்து கிளம்பிற்று. தென்மாகாணத்திலும் மேல்மாகாணத்திலும் சங்கங்கள் தோன்றின. குடிப்பதில்லை எனச் சத்தியஞ் செய்து தவறணைகளை ஒதுக்கினர். அரசாங்கம் குத்தகை முறையை விட்டொழிக்க முன்வந்தபோது, 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. வடித்தல், மொத்தமாக வழங்கல், சில்லறையாக விற்றல் என்பன தனித்தனியே பிரிக்கப்பட்டன. அவற்றை மேற்பார்க்க மதுவரித் திணைக்களம் அமைந்தது. கள்ளும் சாராயமும் வெவ்வேறு கடைகளில் விற்கப்படல் வேண்டும் என்றும் வகுத்தனர். கள் சாராயத்தினும் மென்மையானது. அதற்குத் தனிக்கடை இருப்பின் மக்கள் சாராயத்தை விட்டு அதன்பாற் செல்வர். கள்ளத்தனமான விற்பனையும் குறையும் என்பது அரசாங்கத்தின் வாதம். வாதம் முற்றிலும் பொய்யன்று. ஆனால் அதன் விளைவு என்ன? அதுவரை கடையே இல்லாதிருந்த ஊர்களிலும் கள்ளுத் தவறணைகள் வந்தன. இதனைக் கண்டே நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. டி. பீ. ஜயதிலக்க, எவ். ஆர். சேனநாயக்க, அவர் தம்பி டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அரசியற் களத்திற்கு வந்து சேர்ந்த வாயில்களில் இம்மதுவிலக்கு மேடையும் ஒன்று. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் இத்தலைவர்கள் பலர் சிறையிலிடப்பட்டனர். மதுவிலக்குச் சங்கங்களை ஆட்சிக்கெதிரான சதிச் சங்கங்களாகவே அதிகாரிகள் சந்தேகித்தனர். அவர்களுக்காகச் சட்டநிரூபண சபையில் வாதாடியதோடு இங்கிலாந்துக்கும் சென்று முறையிட்டவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை நாம் மறத்தலாகாது.

ஊராரைக் கேட்கும் வழக்கம் அதன் பின்னரே மெல்ல மெல்ல வந்தது. மதுவரி ஆலோசனைக் குழுக்கள் முதலில் தோன்றின. பின்பு ஊரார் விருப்பத்தை வாக்கெடுத்து அறியும் முறை வந்தது. ஒரு தவறணை தங்களுக்கு வேண்டாம் என்று அப்பகுதி வாக்காளர் விதித்த அளவிலான பெரும்பான்மையாற் சொன்னால், அது மூடப்படும். இம்முறையினாற் பல இடங்களிற் கடைகள் மூடப்பட்டன. யாழ்ப்பாணத்திலே அது ஊக்கத்துடன் நடந்தது. கச்சேரி மண்டபத்துக்கு வெளியே நின்ற ஊரான் முதன்முறையாக உள்ளே அழைக்கப்பட்டான்.

அவன் சொன்னதெல்லாம் சரியாய் முடிந்ததா எனின், இல்லை. வடக்கிலே தவறணை மூடப்பட்ட இடங்களிற் பனை நின்றது. சீவுந் தொழிலாளியும் நின்றான். அவனுடைய வயிற்றை யார் கேட்டார்கள்? கள் விற்றவன் ஒரு செல்வனாய் இருந்தால் அவன் வேறு முதலீடு தேடிக்கொள்வான். மரமேறிச் சீவுகிறவன் நாளைக்கு என்ன ஏறுவான்? மரத்துக்கு வரி கட்டிக் கள் இறக்கும் மரவரி முறையும், பிற்காலத்தில் 1970 ஆம் ஆண்டுகளில் எழுந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இக்கேள்விக்கு விடை தேடியவையே. மறுபுறத்திற் கசிப்பு. அனுமதி பெற்ற கடையை மூடினால் அனுமதி பெறாத கடை காட்டோரத்திலே திறக்கப்படும் என்று மதுவியாபாரிகள் சொல்வர். அவர்கள் சொல்வதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது. கசிப்புக் குடித்துக் கண்ணிழந்தோரை நான் அறிவேன்.

மகாத்மா காந்தியடிகள் 1927 ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடம் குடியை விட்டொழிக்குமாறு வேண்டிக்கொண்டார். பத்தாண்டு கழித்து, 1937 ஒக்டோபர் 1 ஆந் திகதி, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த இராஜாஜி தம் சொந்த மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்கைத் தொடக்கினார். இழந்த வருவாய்க்கு ஈடாக 1939 ஆம் ஆண்டு விற்பனை வரியைக் கொண்டுவந்தார். மதுவின் வருமானம் இன்றி அரசாங்கம் நடவாது என்பார்க்கு அது ஒரு விடை. அவ்விடை நிலைத்ததா என்பது வேறு கதை. 1971 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003 ஆம் ஆண்டு முதல் சில்லறை விற்பனையை அரசாங்க நிறுவனமே நடத்துகிறது. சேலத்திற் கடையை மூடிய அரசின் வழித்தோன்றலே இன்று கடைக்காரராய் அமர்ந்திருப்பதைக் காணும்போது, சரித்திர ஆசிரியனுக்குச் சிரிப்பதா வருந்துவதா என்று தோன்றவில்லை.

இந்தியாவின் உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரிலே தந்த ஒரு தீர்ப்பு நாலந்தா போன்ற சாலையூர்களுக்கு மிகப் பொருந்துவது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீற்றருக்குள் மதுக்கடை இருத்தலாகாது என்றது அத்தீர்ப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதால் நிகழும் மரணங்களே காரணம். மறு ஆண்டு மார்ச்சில், 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு அது 220 மீற்றராகக் குறைக்கப்பட்டது. விதி வந்தவுடன் விதியை அளக்கும் கலையும் வந்தது. கேரளத்தில் ஒரு மதுச்சாலையார் தம் வாயிலுக்கு முன்னே வளைந்து வளைந்து செல்லும் நடைபாதை ஒன்றைக் கட்டினர். சாலையிலிருந்து கடை அங்குலமும் நகரவில்லை. நடக்க வேண்டிய தூரம் மட்டும் விதிக்கு ஏற்ப நீண்டுவிட்டது! சில மாநிலங்கள் நெடுஞ்சாலையையே நெடுஞ்சாலையன்று என அறிவித்தன.

இதைக் கேட்டு நகைத்தோருள் நானும் ஒருவன். ஆனால் என் நகைப்பிற் பாதி பழைய நினைவினால் எழுந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மலைநாட்டில் நான் கடமையாற்றிய ஒரு பாடசாலைக்கு அருகே மதுக்கடை திறக்க ஒருவர் விண்ணப்பித்தார். பாடசாலைக்கும் கடைக்கும் இடையே விதித்த தூரம் இருக்கிறதா என்று அளக்க உத்தியோகத்தர் இருவர் நாடாவுடன் வந்தனர். பிள்ளைகள் வந்து போகும் கீழ்வாயிலிலிருந்து அளந்தால் தூரம் போதாது. அதிபரின் அலுவலகத்துக்கு முன்னுள்ள மேல்வாயிலிலிருந்து வண்டிப்பாதை வழியே அளந்தால் போதும். அவர்கள் மேல்வாயிலிலிருந்து அளந்தனர். அந்த வாயிலை ஒரு பிள்ளையும் பயன்படுத்துவதில்லை என்று நான் கூறினேன். “பாடசாலையின் பிரதான வாயில் எது, சேர்?” என்று அவர்களுள் இளையவர் பணிவாகக் கேட்டார். பெயர்ப்பலகை மேல்வாயிலில்தான் தொங்கிற்று. நான் என்ன சொல்ல?

அன்றிரவு நான் ஒரு கடிதம் எழுதினேன். மது தீது என்று அதிற் போதிக்கவில்லை. அதனை அறியாதார் யார்? நான் எழுதியவை வேறு. இப்பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். சம்பள நாளை அடுத்த காலையில் வகுப்பில் வரவு குறைகிறது. வந்திருப்போரிலும் காலையுணவின்றி வந்தோர் மிகுகின்றனர். கடை நிற்கப்போகும் இடம், தாய்மார் சம்பளத்தோடு கூட்டுறவுக் கடைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது. மாலையிற் பேருந்துக்காகப் பெண்பிள்ளைகள் காத்து நிற்கும் தரிப்பிடம் அதற்கு எதிரே உளது. அருகிலுள்ள பொலிஸ் நிலையம் ஏழு மைல் தூரம். ஏற்கெனவே அனுமதி பெற்ற கடைகள் இரண்டு பக்கத்துப் பட்டினத்தில் உள்ளன. ஆதலின் குடிக்க விரும்பும் ஒருவனுக்கு இதனால் இல்லாத வசதி எதுவும் இல்லாமற் போகாது. கென்ற்மியர் வழக்கை நான் அப்போது படித்திருக்கவில்லை. பிற்பாடு படித்தபோது, அந்நீதவான்கள் எண்ணிப் பார்த்ததும் ஏறக்குறைய இவற்றைத்தானே என்று வியந்தேன்.

விண்ணப்பதாரர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவரல்லர். கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுப்பவர். அவ்வூரில் இரவிலே கசிப்பு விற்றோர் இருந்தனர். தாம் ஒழுங்கான கடை வைத்தால் அது ஒழியும் என அவர் நம்பினார். தம்முடைய கடையில் நான்கு இளைஞருக்கு வேலை கிடைக்கும் என்றும் சொன்னார். சுற்றுலாப் பயணிகள் வருவர் என்றும் சொன்னார். தம்புள்ளைக்கும் சிகிரியாவுக்கும் போகும் சாலையில் அவ்வாதம் பொருந்தலாம், எங்கள் ஊருக்கு வந்த ஒரேயொரு வெள்ளைக்காரர் வழி தவறி வந்தவர். இவ்வாதங்களையெல்லாம் தட்டில் வைக்கத்தான் வேண்டும். என் மனக்குறை அவை வைக்கப்பட்டன என்பதன்று. மற்றத் தட்டிலே வைக்க வேண்டியவற்றை வைப்பதற்கு நாடாவொன்றைத் தவிர வேறு கருவி எவரிடமும் இல்லை என்பதே.

இன்றும் நமது நாட்டில் மதுவரி அனுமதிப்பத்திரங்கள் அந்த 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழேயே வழங்கப்படுகின்றன. இடையிலே திருத்தங்கள் பல வந்துள்ளன. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடுத்தது. மது விளம்பரங்களையும் தடுத்தது. அவை நன்மையே. ஆனால் கடை எங்கே, எத்தனை, யாருக்கு என்னும் வினா பழைய இடத்திலேயே நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு டிசம்பரிலே, அவ்வாண்டில் மட்டும் வழங்கப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட அனுமதிகளின் பட்டியல் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. சனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் நடந்த ஆண்டு அது. அரசியற் சிபாரிசினால் அவை வழங்கப்பட்டனவா என்னும் விவாதம் வடக்கிலும் தெற்கிலும் எழுந்தது. எந்த அனுமதி எக்காரணத்தால் வழங்கப்பட்டதென நான் தீர்ப்புச் சொல்லவரவில்லை. ஒன்று மட்டும் கேட்கலாம். அப்பட்டியல் வெளிவந்த பின்னரே தங்கள் ஊரிற் கடை வரப்போவதை அறிந்தோர் எத்தனை பேர்? கச்சேரி ஏலமாவது பலர் அறியப் பகலிலே நடந்தது.

மதுவரித் திணைக்களம் ஆண்டுதோறும் நூறு பில்லியன் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்தைத் திறைசேரிக்குச் சேர்க்கிறது. பாடசாலை ஆசிரியர்களின் சம்பளமும் அத்திறைசேரியிலிருந்தே வருகின்றது, என் சம்பளமுந்தான். ஆகவே அப்பணத்தை இழித்துப் பேச எனக்கு வாயில்லை. ஆனால் கணக்கின் வரவுப்பக்கம் மட்டும் எழுதப்பட்டு, செலவுப்பக்கம் வைத்தியசாலைக்கும் நீதிமன்றத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் பிரித்துவிடப்படுமாயின், அதனைக் கணக்கென்று எந்தக் கணக்காசிரியன் ஒப்புவான்? அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் ஊர்ப் பொதுமண்டபத்தில் ஒரு மாதமாவது ஒட்டப்படல் வேண்டும். ஆட்சேபம் கேட்கப்படும் நாளில் ஆண்களோடு பெண்களும் அழைக்கப்படல் வேண்டும். அனுமதி கொடுத்தாலும் மறுத்தாலும் அதன் காரணம் எழுத்தில், அவ்வூர் மொழியில், வெளியிடப்படல் வேண்டும். கசிப்பைப் பிடிக்கும் வேலை கடைக்காரரின் போட்டிக்கு விடப்படாமற் பொலிசாருக்கே உரியதாதல் வேண்டும். இவற்றைச் செய்தபின்னும் ஓர் ஊர் கடை வேண்டும் என்று சொல்லுமாயின், அது அவ்வூரின் முடிவு. எனக்குப் பிடிக்காவிடினும் நான் அதனை மதிப்பேன்.

எங்கள் விண்ணப்பத்தின் முடிவைக் கேட்பீர்கள். என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆயினும் அந்த இடத்திற் கடை வரவில்லை. எட்டு மாதங்களின் பின் சாலையின் அடுத்த வளைவிலே, எந்த வாயிலிலிருந்து எப்படி அளந்தாலும் தூரம் போதுமான ஓரிடத்தில் அது திறக்கப்பட்டது. கட்டடம் நேர்த்தியானது. பிள்ளைகள் பேருந்திற் செல்லும்போது பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே போவர். முதலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் நீண்ட சொல் அதிலிருந்தே என்று அவன் ஆசிரியை என்னிடம் சொன்னார். மேல்வாயிலில் தொங்கிய எங்கள் பெயர்ப்பலகையை மறுவாரமே கழற்றிக் கீழ்வாயிலில் மாட்டுவித்தேன்.